ஓசி ஜப்லா

திருப்பூரில் சும்மா கொடுக்காமல் எதுவும் விற்காது. ஒரு பனியனுக்கு ஆர்டர் வேண்டுமென்றால் முதலில் ஒரு பனியனைத் தைத்து, இஸ்திரி போட்டு, கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். காலர் சரியில்லை என்பார்கள். இன்னொன்று தைக்க வேண்டும். நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்பார்கள், மறுபடியும் ஒன்று. இப்படி எட்டு பனியன் சும்மா வாங்கிக்கொண்டு எண்பதாயிரம் பனியனுக்கு ஆர்டர் போட்டவர்களும் உண்டு. எட்டாவது பனியனோடு காணாமல் போனவர்களும் உண்டு. யார் எந்த ரகம் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்த ஆள் ஊரில் கிடையாது.

அந்தோணிராஜ் அந்தச் சாம்பிள் வேலையிலேயே பன்னிரண்டு வருஷம் இருந்தவன். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி. அதே கம்பெனி ஆபீசில் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தவள் விஜயராணி. அவன் சாம்பிளை மடித்து எடுத்துக்கொண்டு மாடி ஏறுவான். அவள் கவரில் போட்டு முகவரி எழுதுவாள். ஒரு சாம்பிளுக்காக இந்த ஆள் எத்தனை தடவைதான் மாடி ஏறுவான் என்று ஆபீசில் பேச்சு எழுந்த பிறகுதான் இருவரும் ஊருக்குக் கடிதம் போட்டார்கள். அவனுக்குச் சாத்தான்குளம், அவளுக்கு நாசரேத். அடுத்தடுத்த ஊரில் பிறந்துவிட்டு முந்நூறு கிலோமீட்டர் தள்ளிவந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைச் சொல்லி இரண்டு வீட்டிலும் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

பிறகு கல்யாணம் ஆகி, மகள் பிரின்சி பிறந்தாள். ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் மயிலாத்தாள் என்பவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, ஆறு மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளின் துணியை வாங்கித் தைத்துக் கொடுத்தார்கள். நான்கு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாயிரத்து எட்டில் அமெரிக்காவில் ஏதோ பாங்கு கவிழ்ந்தது என்று பேப்பரில் போட்டான். அடுத்த மாதமே நெருப்பெரிச்சலில் ஆறு மெஷினும் நின்றன. கடைசியாக வந்திருந்தது குழந்தை உடுப்புக்கான துணி. வெள்ளையில் மஞ்சள் வாத்துக்குஞ்சு அச்சடித்தது. வெட்டுவதற்குள் ஆர்டர் கேன்சல் ஆகிவிட்டது. துணியை வைத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். வாத்துகள் நான்கு ரோலாகச் சுருண்டு ஷெட்டின் மூலையில் கிடந்தன.

அப்போதுதான் மணியன் வந்தார். முதலிபாளையத்தில் கம்பெனி நடத்தி, மூடி, இப்போது பங்களாதேசத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருப்பவர்.

"டாக்காவுல பெரிய பேக்டரிங்க. சாம்பிள் மாஸ்டர் வேலை. ரெண்டு வருசம், நடுவுல ஒருக்கா லீவு. உங்களாட்டம் ஆளு கெடைக்காதுன்னு சொல்லி வச்சிருக்கறேன். சனவரி கடைசி வெள்ளிக்கெழமை பாஸ்போர்ட்டு வாங்க வருவனுங்க. அதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கோங்க."

ரெண்டு பேரும் பேசினார்கள்.

"போகட்டுமா?" என்றான் அந்தோணிராஜ்.

"உங்க இஷ்டம்" என்றாள் விஜயராணி.

அவன் போக விரும்பிக் கேட்கவும் இல்லை. அவள் மனசாரச் சொல்லவும் இல்லை.

மூன்று நாள் கழித்து, கருவாட்டுக் குழம்பை அவன் தட்டில் ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "நான் ஒண்ணு நினைக்கேன். வாத்துத் துணியில பச்சப்பிள்ளைக்கு ஜப்லா தைப்போம். நெட்ல ஒரு பக்கம் போடுதேன். பேரும் அட்ரசும் குடுக்கவங்களுக்கு ஒரு ஜப்லா ஃப்ரீ. புடிச்சிருந்தா ஆர்டர் குடுக்கட்டும்."

"யாரு குடுப்பா?"

"பிள்ளை பெத்தவங்க குடுப்பாங்க."

"ஓசியில வாங்குதவன் காசு குடுத்து வாங்குவானாக்கும்?"

"அமெரிக்காக்காரன் மட்டும் என்ன? எட்டு பனியன் ஓசியில வாங்கிட்டுத்தான ஆர்டர் போட்டான்?"

"அவன் பையரு புள்ள. இவங்க..."

"இவங்க?"

அவன் கருவாட்டு முள்ளை எடுப்பதில் கவனமாக இருந்தான். "செஞ்சு பாரு. துணி சும்மாதான கெடக்கு" என்றான் கடைசியில்.

மூடிப்போன ஒரு ஆபீசிலிருந்து வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஷெட்டில் இருந்தது. காசு கட்டாமல் பக்கம் போட இடம் தரும் தளம் ஒன்றில் வாத்து ஜப்லாவின் படத்தை ஏற்றினாள். முதல் வாரம் மூன்று பேர் கேட்டார்கள். அதில் ஒருத்தி அவளுடைய சித்தி மகள். இரண்டாம் வாரம் யாரோ ஒரு புண்ணியவான் அதை எடுத்து, எங்கெங்கே என்னென்ன சும்மா கிடைக்கிறது என்று ஆளுக்கு ஆள் தகவல் சொல்லிக்கொள்ளும் பக்கத்தில் போட்டுவிட்டான். ஷாம்பூ பாக்கெட்டுக்கும் சுவர்க் காலண்டருக்கும் நடுவில் இவர்கள் ஜப்லா. நான்கே நாளில் நானூறு பேர் முகவரி எழுதிவிட்டார்கள்.

பால் கறந்துவிட்டு வந்த மயிலாத்தாள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். வாடகைக்கு விட்ட ஷெட்டில் நடப்பது எல்லாம் தனக்கும் சேர்த்துத்தான் நடக்கிறது என்று நம்புகிறவள்.

"நானூறு பேருக்குமா அம்முணி? நீ போட்டது கம்பெனியா, கோயல் அன்னதானமா?"

"நூத்தி அறுவது பேருக்குத்தான்கா. மொதல்ல கேட்டவங்களுக்கு மட்டும்."

"அத்தன பேர்த்துல ஒருத்தன் காசெடுப்பானாக்கும்? எனக்கொண்ணும் நம்பிக்கையில்ல." குனிந்து தைத்த ஜப்லா ஒன்றைத் தடவிப் பார்த்தாள். "துணி பூவாட்டம் இருக்குது. என்ற மகளுக்கும் சித்திரையில கொழந்தை பொறக்குதல்லொ? நமக்கு ரெண்டு எடுத்து வையி."

"நெட்ல எழுதிப் போடுங்க அக்கா, அனுப்பி வைக்கேன்."

"செட்டு குடுத்தவளே நானு. நெட்டுல வேற எழுதோணுமாக்கும்." இரண்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டு போனாள்.

அந்தக் கார்த்திகை முழுக்க மின்வெட்டு. கரண்ட் வரும் நேரத்துக்கு மெஷின், போகும் நேரத்துக்குச் சமையல் என்று வாழ்க்கை ஆகிவிட்டது. சாத்தூர்ப் பக்கத்துச் சின்னத்தாய் ஒருத்திதான் வேலையை விட்டுப் போகாமல் இருந்த டெய்லர். அந்தோணிராஜ் வெட்டினான், சின்னத்தாய் ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடித்தாள், விஜயராணி கழுத்துக்கு நாடா வைத்து இஸ்திரி போட்டாள். கடைசி மேசை அந்தோணிராஜுடையது. ஒவ்வொரு ஜப்லாவையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளும் புறமும் திருப்பி, நூல் பிசிறு நறுக்கி, மடித்து, கவரில் போட்டு ஒட்டுவான். அந்த நேரத்தில் அவனிடம் யாரும் பேச முடியாது. மற்ற நாட்களில் தோள் தொங்கி நடக்கிறவன், அந்த மேசையில் நிற்கும்போது மட்டும் பழையபடி மாடி ஏறி வந்தவனைப் போல இருப்பான். அதைப் பார்ப்பதற்காகவே இன்னும் நூறு ஜப்லா அனுப்பலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

நூற்று அறுபது கவரும் தபாலில் போயின. வாத்துகள் காரைக்குடிக்கும் கடலூருக்கும் கோயமுத்தூருக்கும் போயின. பிறகு பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை.

கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் இருக்கும்போது விஜயராணி முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். கை துடைத்துக்கொண்டு போய் மெயிலைத் திறந்தாள். மூன்று வந்திருந்தன. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"உங்கள் ஜப்லாவில் ஓட்டை" என்றது முதலாவது.

"ஓட்டைத் துணியைத்தான் இலவசமாகத் தள்ளிவிடுகிறீர்களா?" என்றது இரண்டாவது.

மூன்றாவது, வாத்தின் வாலுக்குக் கீழே எலி கடித்திருப்பதாகச் சந்தேகப்பட்டது.

பயறு கருகும் வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள். எலியா? துணி நெய்ததிலேயே ஓட்டையா? நூற்று அறுபதிலும் இருக்குமா? கவரில் போட்டு மிச்சமிருந்த ஒன்றைப் பிரித்து ஜன்னலில் பிடித்தாள். இடது பக்கம், அடியில், தையலை ஒட்டி ஒரு அங்குலம். எலி இவ்வளவு நேராகக் கடிக்காது.

அந்தோணிராஜ் ஸ்டூலில் ஏறி வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இது என்ன?"

"எது?"

"இந்த ஓட்டை."

அவன் திரும்பிப் பார்த்தான். "ஓட்டையில்ல. வெட்டு. நாந்தான் வெட்டுனேன்."

"நீங்களா?"

"சாம்பிள் புள்ள. சாம்பிள்னா வெட்டித்தான அனுப்பணும்? வெட்டாம அனுப்புனா, இது விக்கிற சரக்குன்னு சொல்லி கஸ்டம்ஸ்ல வரி போட்டுருவான்லா. நீயுந்தான் எத்தனை கவர் ஒட்டியிருக்க."

உண்மைதான். வெளிநாட்டுக்குப் போகும் சாம்பிளில் ஒரு வெட்டுப் போட்டால்தான் அது விற்க முடியாத துணி என்று அங்கே விடுவார்கள். பன்னிரண்டு வருஷம் ஒரு நாளைக்கு இருபது வெட்டு. கவரில் போடுமுன் அவன் கை தானாகவே செய்யும் காரியம் அது.

விஜயராணி நிதானமாகக் கேட்டாள்: "காரைக்குடியில எந்த கஸ்டம்ஸ் இருக்கு?"

அவன் கையில் பிடித்திருந்த நட்சத்திரம் மெல்லச் சுற்றிச் சாய்ந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கி, அவள் கையிலிருந்த ஜப்லாவை வாங்கி, முதல்முறையாகப் பார்ப்பதுபோல அந்த வெட்டைப் பார்த்தான்.

"நூத்தி அறுவதுலயுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு விடாம" என்றான். சொன்ன குரலில் பழக்க தோஷத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஏசுவதற்குத்தான் அவள் வாயெடுத்தாள். வந்தது சிரிப்பு. துணி மூட்டையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஜப்லாவை மடித்து மேசையில் வைத்தான். "முடிஞ்சு போச்சு ராணி. மணியன்கிட்ட சரின்னு சொல்லிருவோம்" என்றான்.

அதற்குப் பிறகு அவளும் சிரிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் போனது. மெயில்கள் வந்துகொண்டே இருந்தன. வருஷம் பிறக்கும்போது குறை சொல்லி எழுதியவர்கள் இருபத்திரண்டு பேர். விஜயராணி பட்டியலை மேசையில் விரித்து வைத்திருந்தாள்.

"இருவத்திரெண்டு பேரு ஏசுதாங்க" என்றான் அந்தோணிராஜ். "மிச்சப் பேரு ஏசக்கூட இல்ல. வாங்கி எங்கயோ போட்டுட்டான். நான் அப்பமே சொன்னேன்."

"ஓட்டை எங்க இருக்கு?"

"அதான் தெரியுமே."

"இடப்பக்கம், அடியில, தையலை ஒட்டி. கவரைப் பிரிச்சுப் பாத்த உடனே தெரியுமா?"

"தெரியாது. அங்கதான் வெட்டணும், பையரு படம் எடுத்தா வெளிய தெரியப்பிடாது."

"பிள்ளைக்குப் போட்டுப் பாத்தவளுக்குத்தான் தெரியும். அப்பம் இருவத்திரெண்டு பிள்ளை நம்ம துணியைப் போட்டிருக்கு." அவள் போனை எடுத்தாள். "ஒவ்வொருத்தரா கூப்புடுதேன். மத்த நூத்தி முப்பத்தெட்டை மறந்துருவோம்."

தபால்காரருக்கு வழி சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று எல்லோரிடமும் போன் நம்பர் வாங்கி வைத்திருந்தாள். முதல் நம்பர் கோயமுத்தூர், கதிர்வேல். மெஷின் சத்தத்தில் பேசிப் பேசி அந்த வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டே பழக்கம்.

"வணக்கங்க, வாத்து ஜப்லா கம்பெனியிலேருந்து பேசுதேன். ஓட்டைன்னு எழுதியிருந்தீங்க. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எந்தப் புள்ளைங்க?"

"ஜப்லா போட்ட பிள்ளை."

"எனக்கு இன்னும் கண்ணாலமே ஆகலீங்களே."

விஜயராணி அனுப்பிய நூற்று அறுபது பேரின் பட்டியலைப் பார்த்தாள். அதே முகவரியில் ஐந்து பெயர்கள் இருந்தன. அனுப்பும்போது கண்ணில் படவில்லை. "அப்பம் அஞ்சு ஜப்லாவையும் என்ன செஞ்சீங்க?"

"பைக் தொடைக்க வச்சிருக்கறனுங்க. சும்மா சொல்லக் கூடாது, தண்ணிய நல்லா இழுக்குது. அந்த ஓட்டைக்குள்ள பிரேக்கு போய் மாட்டிக்குது பாருங்க, அதுக்குத்தான் மெயில் போட்டேன். ஓட்டையில்லாம இன்னொரு அஞ்சு அனுப்பி வெக்கறீங்களா?"

"காசுக்கா?"

"அட, என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க" என்று உண்மையாகவே மனம் நொந்து வைத்துவிட்டான்.

அந்தோணிராஜ் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். "இருவத்தொரு பிள்ளை" என்றான்.

"சும்மா இருங்க."

அடுத்தது காரைக்குடி, நாகஜோதி. எடுத்த எடுப்பிலேயே, "நீங்கதான் அந்த ஓட்டைக் கம்பெனியா?" என்றாள்.

"ஆமாம்மா."

"சும்மா குடுக்கிறதுன்னா என்னத்தையும் குடுத்துரலாமா? நான் ஆஸ்பத்திரியில நர்சு. டூட்டி முடிஞ்சு வந்து பாத்தா, எங்க மகன் அந்த ஓட்டைக்குள்ள வெரலை விட்டு விட்டுத் தொப்புள் வரைக்கும் கிழிச்சு வச்சிருக்கான்."

விஜயராணி ஒளிக்காமல் சொன்னாள். வெளிநாட்டுச் சாம்பிள், கஸ்டம்ஸ், பன்னிரண்டு வருஷப் பழக்கம், தன் வீட்டுக்காரர். மறுமுனையில் ஒரு சிரிப்பு வந்தது. "எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு. கொத்தனாரு. சோத்தைக் கூடக் கரண்டியால மட்டம் பாத்துத்தான் வைப்பாரு."

"அந்த ஜப்லாவைத் தூக்கிப் போட்டுட்டீங்களாம்மா?"

"எங்க போட? அதைத் தவிர வேறெதையும் போட விடமாட்டேங்கிறான். உறுத்தாம இருக்கு போல. கிழிஞ்சதையே துவைச்சுத் துவைச்சு மாட்டுறேன்." குரல் தணிந்தது. "ஓட்டையில்லாதது இருக்கா? சும்மா வேண்டாம், காசுக்குத்தான் கேக்குறேன். ஆனா முன்னாடியே பணம் அனுப்ப மாட்டேன். ஒரு தடவை பாத்தாச்சுல்ல உங்களை."

அந்தோணிராஜ் சட்டென்று போனுக்குப் பக்கத்தில் வந்தான். "வி.பி.பி.ல அனுப்புதோம்மா. பார்சல் வீட்டுக்கு வரும். போஸ்ட்மேன் கையில காசைக் குடுத்துட்டு வாங்கிக்கிடுங்க. வேண்டாம்னு தோணுச்சுன்னா திருப்பி அனுப்பிருங்க."

"இவருதான் வெட்டுனவரா?"

"ஆமா" என்றாள் விஜயராணி.

"ஏண்ணே, இந்தத் தடவை கத்தரியைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிட்டுத் தைங்க."

இருபத்திரண்டு பேரில் பதின்மூன்று பேர் வி.பி.பி.யில் அனுப்பச் சொன்னார்கள். பொங்கல் விடுமுறைக்கு முன்னால் பதின்மூன்று பார்சல் போயாக வேண்டும் என்று சின்னத்தாயும் அவர்களும் குனிந்த தலை நிமிராமல் தைத்தார்கள். கடைசி மேசையில் இந்த முறை விஜயராணி பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொரு தடவையும் மடிக்கும் முன் அவன் வலது கை தானாகக் கத்தரியைத் தேடிப் போகும். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். நான்காவது ஜப்லாவுக்கு அப்புறமும் அவன் கை போனது பழக்கத்தினாலா, அவள் பிடிக்கட்டும் என்பதனாலா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. சின்னத்தாய் ஓவர்லாக்கில் முகத்தை வைத்துக்கொண்டு, "எண்ணே, கரண்ட் போயிரும், வெரசா மடிங்க" என்றாள்.

பொங்கல் முடிந்தது. மார்கழிக் குளிர் தை பிறந்தும் விடவில்லை. காலையில் ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டும். தபால்காரர் வரும் பதினொரு மணிக்கு விஜயராணி வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். முதலில் வந்தது ஒரு பார்சல். வாங்க மறுத்துத் திரும்பியது. மறுநாள் இரண்டு பார்சலின் காசு மணியார்டராக வந்தது. பிறகு வாங்க மறுத்த இன்னொரு பார்சல். பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் மூன்று மணியார்டர் சேர்ந்து வந்தன. நாகஜோதியுடையதும் அதில் இருந்தது. மயிலாத்தாள் அரிசிம்பருப்புச் சோற்றுக் குண்டானோடு வந்து, திண்டில் கிடந்த திரும்பி வந்த பார்சலைப் புரட்டிப் பார்த்து, "இவுங்களுக்கு என்ன கேடு? போஸ்ட்டாபீசு செலவாச்சும் மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கலாமல்லொ" என்று நியாயம் கேட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வரை பதின்மூன்றில் ஆறு பேர் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். மூன்று திரும்பி வந்துவிட்டன. நான்கு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

அன்று பிரின்சியைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்த பிறகு அந்தோணிராஜ் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். விஜயராணி அதைப் பார்த்தாள். சட்டைகளை மடித்தபடியே, "டாக்காவுல குளிருமா?" என்று கேட்டாள்.

"தெரியல. நம்மூரு மாதிரிதான் இருக்கும்."

"உங்க ஸ்வெட்டர் பத்தாது. முழங்கையில கிழிஞ்சிருக்கு."

அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நான் யோசிச்சுப் பாத்தேன்" என்றாள். "நூத்தி அறுவது பேருக்குக் குடுத்தோம். ஆறு பேர் வாங்கியிருக்காங்க. நான் நினைச்சது தப்பில்ல. ஆனா ஆறு பேரை வச்சு வீட்டை ஓட்ட முடியாது. பெருமைக்காக உங்களைப் பிடிச்சு வைக்கப்பிடாது. போயிட்டு வாங்க. நானும் சின்னத்தாயும் பாத்துக்கிடுவோம். ரெண்டு வருஷந்தான."

முன்பு 'உங்க இஷ்டம்' என்றபோது அவள் மனசை ஒளித்தாள். இப்போது ஒளிக்கவில்லை. போ என்பதும் அவள் மனசுதான், போகாதே என்பதும் அவள் மனசுதான். அவனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டான். வேலை எதுவும் இல்லாத மேசையை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மணியனின் டி.வி.எஸ். வண்டி வாசலில் நின்றது. மேசையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"நல்ல முடிவுங்க. நானும் இதைத்தான் எதிர்பாத்தேன்."

"இருங்கண்ணே, டீ போடுதேன்" என்று விஜயராணி அடுப்புக்குப் போனாள். ஷெட்டின் ஓரத்தில்தான் அடுப்பு. பாத்திரம் கழுவிய கை ஈரமாக இருந்தது. மேசைமேல் போன் அடித்தது.

"எடுங்க, கை ஈரமா இருக்கு."

அந்தோணிராஜ் எடுத்து, வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏனுங்க, வாத்துப் படம் போட்ட துணி குடுக்கறது நீங்கதானுங்களா?" ஒரு பெண் குரல். தயங்கித் தயங்கி வந்தது.

"ஆமாங்க."

"நானு மூலனூருப் பக்கமிருந்து பேசறனுங்க. என்ற தம்பி பிரவுசிங் சென்டர்ல எழுதிப் போட்டு, கார்த்திகையில ஒரு சட்டை வந்துதுங்க. நல்லாருந்துது."

அந்தோணிராஜ் விஜயராணியைப் பார்த்தான். பட்டியலில் மூலனூர் உண்டு. ஆனால் அந்த இருபத்திரண்டில் இல்லை. மறந்துவிடுவோம் என்று அவள் ஒதுக்கிய நூற்று முப்பத்தெட்டில் இருந்தது.

"அக்கா, அதுல ஒரு வெட்டு இருந்திருக்கும். அது எங்க தப்பு..."

"கிழிசல்ங்களா? இருந்துதுங்க. அதுக்கென்ன, சும்மா குடுத்ததுல கொறை சொன்னா நல்லாருக்குமுங்களா? நானே ரெண்டு தையல் போட்டுட்டேன். அதைச் சொல்றதுக்குக் கூப்புடலீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்பப் புள்ளைக்குப் பத்த மாட்டேங்குது. இதே துணியில கொஞ்சம் பெருசா, ஒரு ஆறு, காசுக்குக் குடுப்பீங்களான்னு கேக்கலாம்னு ரோசனை. எங்க நாத்தனா கொழந்தைக்கும் சேத்துத்தானுங்க. பத்து நாளா நெனைக்கறது, எப்படிக் கேக்கறதுன்னு வெச்சுப்போடறது."

மணியன் கூட நாற்காலியில் அசையாமல் இருந்தார். பால் பொங்கி வந்தது. விஜயராணி அடுப்பை அணைத்தாள்.

"பையன் உக்காந்துட்டானாக்கா?" என்று கேட்டான் அந்தோணிராஜ். சாம்பிள் மேசையில் நிற்கும் குரல் அது.

"பொட்டப்புள்ளைங்க. உக்காந்து, செவுத்தைப் புடிச்சுட்டு நிக்கறதுக்குப் பாக்கறா."

"அப்பம் உயரமும் கூட வைக்கணும். கழுத்துலேருந்து இடுப்பு வரைக்கும் உங்க சாணால எத்தனைன்னு அளந்து சொல்லுங்க."

"இப்பவேங்களா? இத்தன நேரம் அழுது இப்பத்தான் தூங்கறா."

"தூங்கட்டும்கா. எழுப்பாதீங்க. முழிச்ச பொறவு கூப்புடுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

போனை வைத்தான். வைத்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்ததுபோல, மணியனைப் பார்த்தான். அடுப்புப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே அங்கே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

மணியன் கேட்டார்: "ஆறு சட்டைக்கு டாக்காவையே உட்டுப் போடறீங்களா சாமி?"

"ஆறு சட்டை இல்லண்ணே. அந்தப் பிள்ளை நிக்கணும், நடக்கணும், பள்ளிக்கூடம் போணும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றான் அந்தோணிராஜ். "இன்னும் நூத்தி முப்பத்தேழு பேரு கூச்சப்பட்டுக்கிட்டு இருக்காங்களா, பைக் தொடைக்காங்களான்னு நான் இங்க இருந்தாத்தான தெரியும்?"

விஜயராணி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். மணியன் வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். பாதி டம்ளர் ஆனபோது மறுபடி போன் அடித்தது.

"முழிச்சுட்டாளுங்க. ஒண்ணரைச் சாணு, அதுக்கு மேல ரெண்டு வெரக்கடை."

அந்தோணிராஜ் பழுப்புத் தாளை மேசையில் விரித்து, பென்சிலை எடுத்து, தன் கையை அகல விரித்து வைத்தான். வைத்துவிட்டுத் தலையை ஆட்டினான். ஆணின் கை, அளவு கூடிவிடும்.

"ராணி, இங்க வா. கையைக் குடு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் அவள் விரல்களைப் பிரித்துத் தாளில் வைத்து, கட்டைவிரல் நுனியிலும் சுண்டுவிரல் நுனியிலும் குறி போட்டான். பிறகு கையை நகர்த்தி அரைச் சாண். பிறகு இரண்டு விரல். அளவு எடுத்து முடிந்தது. கை மட்டும் தாளிலேயே இருந்தது, அவன் கைக்குக் கீழே.

மணியன் பாஸ்போர்ட்டைத் தொடாமல் டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். வெளியே போய் வண்டியை வாசலில் கிளப்பாமல், தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.